மனசு ஆற எழுதுவது வேறு, புத்தகம் போட எழுதுவது வேறு

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாம்பனில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்தும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்கள், இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்த மீனவர்கள், மண்டபம் இலங்கை அகதிகள் முகாமைச் சேர்ந்த சில இளைஞர்கள், இவர்களை வைத்து மூன்று நாள் எழுத்து முகாம் நடத்த நினைக்கிறார்கள். கடைசி நாளில் எழுதியதை மேடையில் வாசிக்க வைத்து, அப்புறம் புத்தகமாகப் போடுவது திட்டம். செலவை ஏற்க முன்வந்த நிறுவனம் புத்தகமும் படங்களும் கண்டிப்பாக வேண்டும் என்கிறது. "எழுதினால் உண்மையிலேயே மனசு ஆறுமா அக்கா? எப்படித் தொடங்குவது? வேறு எங்கே உதவி கிடைக்கும்?" என்று கேட்கிறார்.

ஆறும் தம்பி. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆறாது, எந்த நேரத்தில் எழுதினாலும் ஆறாது, ஆனால் ஆறும். உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவது அந்தக் கடைசி நாள்தான். மனசு ஆறுவதற்காக எழுதுவதையும், ஊர் பார்ப்பதற்காக எழுதுவதையும் ஒரே முகாமில் போட்டுவிட்டீர்கள். இரண்டும் நல்ல வேலைதான், இரண்டும் இந்தக் கரைக்குத் தேவைதான். ஆனால் சேர்த்து வைத்தால் முதலாவது நடக்காது. இந்தக் கரையில் மனநல சமூகப் பணியாளராகப் பல வருஷம் வீடு வீடாகப் போனவள் என்ற முறையில், இதை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்.

ஏன் நடக்காது என்பதற்கு, எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் சாண்ட்ரா பீல் என்பவரும் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 4 நாள், தினமும் 15 நிமிடம் எழுதவேண்டும். ஒரு பிரிவினர் சும்மா ஏதாவது சாதாரண விஷயம் எழுதினார்கள். இன்னொரு பிரிவு வாழ்க்கையில் பட்ட பெரிய அடியைப் பற்றி நடந்ததை மட்டும் எழுதியது. மற்றொன்று உணர்ச்சியை மட்டும் எழுதியது. நடந்ததையும் அதனால் மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள்தான், பின்வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். எழுதிய அன்றைக்கு என்னவோ அவர்கள்தான் அதிகம் கலங்கியிருந்தார்கள். கலக்கம் முதலில், ஆறுதல் பின்னால். இந்த வரிசையை மறந்துவிட்டால் முகாமின் முதல் நாள் மாலையிலேயே நீங்கள் பயந்துபோவீர்கள்.

அந்தச் சோதனையில் பிழை திருத்தவில்லை, மதிப்பெண் போடவில்லை. எழுதியவர் பெயர் தாளில் இல்லை, குறியீட்டு எண் மட்டும்தான். பின்னாளில் பென்னிபேக்கர் அப்படி எழுதப்பட்ட தாள்களில் என்ன சொற்கள் வருகின்றன என்று ஆராய்ந்தார். நன்றாகத் தேறியவர்களின் எழுத்தில் "அதனாலதான்", "இப்பதான் புரியுது" போன்ற சொற்கள் முதல் நாளைவிடக் கடைசி நாளில் கூடியிருந்தன. முதல் நாள் வெறுமனே அழுகையும் கோபமுமாக வந்தது, நாள் போகப் போக ஒரு கோர்வைக்கு வந்தது. வலையில் விழுந்த சிக்கை எடுக்கிற மாதிரி வேலை அது. நுனியைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் இழுத்துப் பார்ப்பதுதான்.

இப்போது மேடையை நினைத்துப் பாருங்கள். கணவனைக் கடலில் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மனசை உண்மையில் அரித்துக்கொண்டிருப்பது என்ன? அன்று காலையில் சண்டை போட்டு அனுப்பியது. குடித்துவிட்டுத்தான் படகேறினான் என்பது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் இன்னும் அடையவில்லை என்பது. மாமியார் 'உன் ராசிதான்' என்று சொன்ன வார்த்தை. இதில் ஒன்றையாவது அவள் மைக் பிடித்து வாசிப்பாளா? மாட்டாள். "என் கணவர் தங்கமானவர், எங்களை ராணி மாதிரி வைத்திருந்தார்" என்று எழுதுவாள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அவள் சுமை அப்படியே அவளிடம் இருக்கும். புத்தகத்துக்கு என்று தெரிந்த நிமிடமே கை தானாக அடக்கிக்கொண்டுதான் எழுதும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நாளைக்கும் அதே தெருவில்தான் அவள் தண்ணீர் பிடிக்கவேண்டும்.

பலன் எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 146 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, எழுதுவதால் கிடைக்கும் பலன் உண்மை, ஆனால் சராசரியில் அது சிறியது என்றது. ஒரு நோட்டும் பேனாவும் தவிர செலவில்லாத வழிக்கு அது போதும் என்பது என் எண்ணம். ஆனால் தூக்கம் போய், சாப்பாடு போய், பிள்ளைகளைக்கூடக் கவனிக்காமல் மாதக்கணக்கில் சுருண்டு கிடப்பவருக்கு எழுத்து மருத்துவமாகாது. அவரை மருத்துவரிடம் கூட்டிப் போகவேண்டும். எழுதினால் மோசமாகிறவர்களும் உண்டு. அண்மையில் மணவாழ்க்கை முறிந்தவர்களை வைத்து 2013இல் வெளியான ஒரு ஆய்வில், ஏற்கெனவே அதையே ஓயாமல் நினைத்துக் குமைகிறவர்கள், உணர்ச்சியை எழுதச் சொன்னபோது சாதாரண விஷயம் எழுதினவர்களைவிட மெதுவாகத்தான் தேறினார்கள். நம் ஊரிலும் அப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம். ஒரே நிகழ்ச்சியை ஒரே வார்த்தைகளில் நூறு தடவை சொல்வார்கள். அவர்களிடம் நோட்டைக் கொடுத்தால் நூற்றியோராவது தடவை எழுதுவார்கள். அவர்களுக்குத் துணைக்கு ஆளும், கைக்கு வேலையும்தான் முதலில் தேவை.

இன்னொன்று, துக்கம் நடந்த சூட்டோடு சூடாகப் போய் உட்கார வைக்காதீர்கள். பேரிடர் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லோரையும் கூட்டி, நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதை உலக சுகாதார நிறுவனம் இப்போது பரிந்துரைப்பதில்லை. அந்த நேரத்தில் தேவை சோறு, துணை, காகித வேலைகளில் உதவி. எழுத்துக்குக் காத்திருக்கலாம்.

உங்கள் மூன்று குழுவுக்கும் ஒரே பாடத்திட்டம் ஒத்துவராது. முதலில் காணாமல் போனவர்களின் வீடுகள். உடல் கிடைக்காத சாவு சாவாகவே முடிவதில்லை. அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் வியட்நாம் போரில் காணாமல் போன சிப்பாய்களின் குடும்பங்களோடு வேலை செய்தபோது கண்டது இதைத்தான். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களிடம் "மறந்துவிடு, முடிந்துவிட்டது" என்று சொல்வது உதவாது, அந்த இரட்டை மனசோடு வாழக் கற்றுக்கொள்ளத்தான் உதவவேண்டும் என்பது அவர் சொன்னது. நம் கரையில் இது எவ்வளவு கூர்மையாக வெட்டும் என்று உங்களுக்குத் தெரியும். பொட்டு வைக்கலாமா கூடாதா? ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் திதி கொடுப்பதா? கல்லறைத் திருநாளுக்கு எந்தக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது? சட்டமும் 7 ஆண்டு தகவலே இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாக அனுமானிக்கும். அதுவரை வாரிசுச் சான்றுக்கும் வங்கிக் கணக்குக்கும் அலையும் பெண் எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவாள்? அவளுக்கு "உங்கள் கணவர் இறந்த நாளைப் பற்றி எழுதுங்கள்" என்று தலைப்புக் கொடுத்தால் அது கொடுமை. அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது, பெரியவன் எந்த வகுப்பு, கூரை எங்கே ஒழுகுகிறது, அவர் மேல் என்ன கோபம், எதுவானாலும். அவர் இருக்கிறார் என்று எழுதினாலும் சரி, இல்லை என்று எழுதினாலும் சரி. நீங்கள் திருத்தவேண்டாம்.

சிறையிலிருந்து வந்தவர்கள் வேறு மாதிரி. ஆண்கள், அதுவும் கடல்காரர்கள், அழுத கதையை எழுதமாட்டார்கள். தங்கச்சிமடத்தில் ஒரு நடுவயதுக்காரரோடு உட்கார்ந்திருந்தேன். இலங்கையில் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர், படகு வரவில்லை. "அங்க நடந்தத எழுத என்ன இருக்கு?" என்று பேனாவைத் தள்ளி வைத்துவிட்டார். சரி, படகில் என்னென்ன இருந்தது, அதை மட்டும் எழுதுங்கள் என்றேன். எழுத ஆரம்பித்தார். மடி வலை இரண்டு, அதில் ஒன்று புதுசு. ஜிபிஎஸ். வயர்லெஸ் செட். ஐஸ் பெட்டிகள். டீசல் கேன். சோறு வடிக்கிற அலுமினியச் சட்டி. மகள் பேர் எழுதின தண்ணீர் டிரம். அந்த வரியில் நின்றுவிட்டார். டிரம்மில் பெயரை எழுதினது அந்தப் பிள்ளையே, ஆயில் பெயிண்டில், கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏற்றி எழுதியிருந்தாள் என்று சொல்ல ஆரம்பித்தவர், அப்புறம் எல்லாம் சொன்னார். பட்டியல் எழுதுவது ஆண்களுக்குக் கூச்சம் தராத வாசல். கணக்கு எழுதுவது மாதிரி இருக்கும், அதற்குள் எல்லாம் வந்துவிடும்.

அவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எல்லை தாண்டியது, எங்கே வலை போட்டது என்பதெல்லாம் வழக்குக்குள் இருக்கும் விஷயங்கள். படகு மீட்பு வழக்கு நடக்கிறபோது அவர் எழுதியது புத்தகமாக வந்தால் யார் எடுத்து எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் எழுத்தை அச்சுக்குக் கேட்காதீர்கள்.

மண்டபம் முகாம் இளைஞர்களைப் பற்றி: போரைப் பற்றி எழுதச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் சொல்ல விரும்புவது காகிதம் இல்லாததால் கைவிட்டுப்போன வேலையைப் பற்றி இருக்கலாம், காதலைப் பற்றி இருக்கலாம், கிரிக்கெட்டைப் பற்றி இருக்கலாம். போரை நேரில் பார்த்தவர்களுக்கு என்று ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. ஒரு கயிற்றைத் தரையில் விரித்து, பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அதுதான் வாழ்க்கை என்று வைத்து, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு கல்லாக எடுத்து, கூட இருப்பவர் துணையோடு அந்த நாளை முழுசாகச் சொல்லவேண்டும். அதைக் கூட இருப்பவரே எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார். ஜெர்மனியைச் சேர்ந்த மாகி ஷாவர், ஃபிராங்க் நாய்னர், தாமஸ் எல்பர்ட் ஆகியோர் உருவாக்கிய முறை இது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரும் சுனாமியும் பார்த்த 31 குழந்தைகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பாதிக்கு இந்த முறை, இன்னொரு பாதிக்குத் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும். இரண்டு பக்கமும் பெரும்பாலான குழந்தைகள் தேறினார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். இங்கே நீங்கள் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆட்களால் முடியும்; ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும். கயிறும் கல்லும் கையில் இருக்கிறது என்பதற்காக நாமே தொடங்கிவிடக் கூடாது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சின்னப்பாலத்திலும் மண்டபத்திலும் பாசி எடுக்கும் மூத்த பெண்களைச் சேர்க்காமல் பாம்பனில் ஒரு முகாம் நடத்துவது எனக்குச் சம்மதமில்லை. கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, பாறையில் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடல்பாசிகளைப் பறித்து மூச்சடக்கிப் பழகினவர்கள். சொல்வதற்கு அவர்களிடம் இருப்பது நம்மிடம் இல்லை. வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். ஆனால் யார் எழுதுகிறார்கள் என்பது முக்கியம். ஒரு அம்மா சொல்லச் சொல்ல, ஒன்பதாவது படிக்கிற மகள் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா பாதியில் நிறுத்தி, "இத எழுதாத, நீ எந்திரிச்சுப் போ" என்றார். மகள் போன பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார், அதுவும் என் காதுக்கு மட்டும். எழுதுகிறவர் வீட்டு ஆளாக, தெரு ஆளாக இருக்கவே கூடாது. பக்கத்து ஊரிலிருந்து வந்த, நிதானமான, வாயை மூடத் தெரிந்த ஒரு பெண் போதும். எழுதியதை அங்கேயே திரும்ப வாசித்துக் காட்டி, தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இதில் நமக்குக் கைகொடுக்கக் கூடியது ஒப்பாரி. சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு பாடும்போது செத்தவரை மட்டுமா பாடுகிறார்கள்? தன் அப்பனை, தன் பிள்ளையை, தன்னை அடித்த கையை, பிறந்த வீடு கைவிட்டதை எல்லாம் அந்த ராகத்தில் ஏற்றிவிடுவார்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். பென்னிபேக்கருக்கு வெகுகாலம் முன்பே நம் பெண்கள் நடந்ததையும் உணர்ச்சியையும் சேர்த்துச் சொல்ல ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். ஒப்பாரி தெரிந்த ஒரு பாட்டியை முகாமுக்கு மரியாதையாக அழைத்து உட்கார வையுங்கள். நாலு வரி அவர் எடுத்துக்கொடுத்தால், அடுத்த நாலு வரி மற்றவர்களுக்குத் தானாக வரும்.

ஆனால் இதையே கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் தூக்கிப் போகாதீர்கள். முஸ்லிம் வீடுகளில் சத்தம் போட்டுப் புலம்புவதை மார்க்கம் விரும்புவதில்லை, அங்கே துக்கம் வேறு வழியில் போகும். சபர், அதாவது வெளிநாட்டுப் பிழைப்புக்கு, போன கணவனுக்கு எழுதிய கடிதங்கள் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பழக்கமான வடிவம். கீழக்கரைக்கு அரபுத் தமிழ் மரபும் உண்டு, தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அந்த எழுத்தில் நூல்கள் இயற்றியவர். ஆகவே அங்கே ஒரு மூத்தம்மாவைப் பார்த்து எழுதத் தெரியாதவர் என்று முடிவு கட்டுமுன், எந்த எழுத்தில் எழுதுவீர்கள் என்று கேளுங்கள். அரபு எழுத்தில் எழுதினால் பக்கத்தில் இருக்கிற நமக்குப் படிக்கத் தெரியாது என்பதும் அவருக்கு ஒரு பாதுகாப்புதான்.

ஏர்வாடி என்றதும் சொல்லவேண்டியது இன்னொன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். தப்பி ஓட முடியாதவர்கள் அவர்கள். அதற்குப் பிறகு நாட்டில் மனநலக் காப்பகங்கள் மேல் உச்ச நீதிமன்றத்தின் பார்வை விழுந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் சம்மதத்தையும் அந்தரங்கத்தையும் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வந்து தங்கியிருப்பவர்களிடம் கலை நிகழ்ச்சி, ஓவியம், எழுத்து என்று போகும் குழுக்கள் இதை மனசில் வைக்கவேண்டும். மனநல மருத்துவர் அனுமதியும், அந்த நபரே தரும் சம்மதமும் இல்லாமல் ஒரு வரிகூட வாங்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது.

சரி, நடத்தும் முறைக்கு வருகிறேன். மூன்று நாள் முகாம் வேண்டாம். வாரம் ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம், ஆறேழு வாரம் என்று வையுங்கள். விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகள் 4 நாள் என்ற பாக் நீரிணை ஏற்பாட்டைப் பார்த்து நாளைக் குறியுங்கள். பாசிக்காரப் பெண்கள் நீரோட்டம் பார்த்து மாதத்தில் சில நாள்தான் போவார்கள், அந்த நாட்களை அவர்களிடமே கேளுங்கள். ஆண்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நல்ல சமயம். வருமானம் இல்லாமல் வீட்டில் சும்மா இருப்பதால் சண்டையும் குடியும் கூடுகிற சமயமும் அதுதான். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பெண்களும் ஆண்களும் தனித்தனியாக.

எழுதியதை எங்கே வைப்பது? ஒரே அறை வீட்டில் ஒரு நோட்டை மறைத்து வைக்க இடம் கிடையாது. கணவன், மாமியார், பிள்ளை, யார் கையில் வேண்டுமானாலும் சிக்கும். அதனால் பூட்டுப் போட்ட ஒரு டிரங்குப் பெட்டியை உங்கள் மையத்தில் வைத்து, ஆளுக்கொரு உறையில் போட்டு ஒட்டி, அவரவர் அடையாளத்தோடு உள்ளே வைக்கலாம். வேண்டாம் என்றால் அங்கேயே கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடலாம். வாட்ஸ்அப் குரல் பதிவு சுலபம் என்று யாராவது சொல்வார்கள். ஒரு போனை வீடே பயன்படுத்துகிறபோது அது ஆபத்து.

ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை யாராவது தன்னிடம் தப்பாக நடந்ததாக எழுதினால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் சும்மா இருந்தால் நீங்களே குற்றவாளி ஆவீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை யாராவது எழுதினாலோ சொன்னாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவைத் தொடங்கும் முன்பே போய்ப் பாருங்கள். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அதன் மனநலப் பிரிவில் விஷயத்தைச் சொல்லிவைத்தால், நீங்கள் அனுப்பும் ஆள் வரிசையில் தொலைந்துபோகமாட்டார்.

இனி கலைப் பக்கம். மேடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காயத்தைத்தான் மேடையேற்ற வேண்டாம் என்கிறேன். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்த கிழவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், விசைப்படகில் வின்ச் வந்த பிறகு பாட்டுக்கு வேலை இல்லை. அவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்யலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து பிழைத்து வந்த குடும்பங்களின் கதைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன; பேரப்பிள்ளைகள் போய்க் கேட்டு எழுதலாம், நாடகமாகப் போடலாம். கூட்டாகப் பாடுவது, ஆடுவது, படம் வரைவது மனநலத்துக்கும் உடல்நலத்துக்கும் துணை செய்கிறது என்று 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. உங்கள் எழுத்துக் குழுவில் இருக்கும் அதே பெண் இந்தப் பாட்டிலும் ஆட்டத்திலும் வந்து சேர்ந்துகொள்ளலாம். அங்கே அவள் கணவனை இழந்தவளாக நிற்கத் தேவையில்லை, பாட்டுக்காரியாக நிற்பாள்.

உதவி எங்கே என்று கேட்டீர்கள். கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் இடம் தரும், அது பணத்தைவிடப் பெரிய உதவி. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் பாடகர்களைப் பதிவு செய்யுங்கள், கல்வி உதவி, விபத்து உதவி போன்றவை அவர்கள் குடும்பத்துக்கு வரும். நலிந்த கலைஞர்களுக்கான உதவிக்கு இயல் இசை நாடக மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை ஆய்வுக்கும் கலை முயற்சிக்கும் நல்கை தருகிறது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் கலை பண்பாடும் இருக்கிறது, சுகாதாரமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் முறையாகப் பதிவு செய்த அமைப்புக்குத்தான் வரும். தனி ஆளாகக் கேட்காமல் பதிவுள்ள ஒரு உள்ளூர்ச் சங்கத்தோடு சேருங்கள். பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காக ஒலிபரப்புகிறது. அம்பாப் பாட்டுக்கும் தனுஷ்கோடிக் கதைகளுக்கும் அதைவிட நல்ல மேடை எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் பணம் வாங்கினாலும் கலைஞருக்குச் சம்பளம் எழுதுங்கள். பாட வந்த பாட்டிக்குப் பொன்னாடை மட்டும் போட்டு அனுப்பிவிட்டு, ஒலிபெருக்கிக்காரருக்கு முழுக் கூலி கொடுக்கும் வழக்கம் எனக்குத் தாங்கமுடியாத ஒன்று.

உங்களிடம் புத்தகம் கேட்கும் நிறுவனத்திடம் இப்படிப் பேசிப் பாருங்கள். எழுத்துக் குழு தனி. அதில் எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரை மருத்துவரிடம் அனுப்பினோம் என்ற கணக்கு மட்டும் தருவோம், எழுத்தோ முகமோ தரமாட்டோம். கலை நிகழ்ச்சி தனி. அதன் படங்களும் பாட்டுத் தொகுப்பும் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். எழுத்துக் குழுவில் யாருக்காவது அச்சில் வரவேண்டும் என்று தானாக ஆசை வந்தால், குழு முடிந்து ஆறு மாதம் போகட்டும். அப்போதும் விருப்பம் இருந்தால், எதைக் கொடுப்பது, எந்தப் பெயரில் கொடுப்பது என்பதை அவரே சொல்லட்டும், அச்சுக்குப் போகும் நாள் வரை திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையும் அவரிடம் இருக்கட்டும். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பணத்தை வாங்காதீர்கள் தம்பி. நோட்டு, பேனா, டீ, ஒரு டிரங்குப் பெட்டி, எழுதிக் கொடுக்க வரும் பெண்ணுக்கு பஸ் காசும் படியும், இவ்வளவுதான் எழுத்துக் குழுவின் செலவு. ஊரிலேயே திரட்டிவிடலாம்.

முதல் குழுவாகப் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள், தடைக்காலம் வந்ததும் ஆண்களைப் பார்க்கலாம். மாவட்ட மனநலக் குழுவிடம் பேசி, யாரை அனுப்புவார்கள் என்று உறுதியானதும் எனக்குச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க வரும் பெண்களுக்கு என்ன கேட்கலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை ஒரு நாள் வந்து சொல்லித் தருகிறேன்.